நல்ல காதுக்கு மூன்று சொட்டு

குழிக்கரைப்பட்டியில் கிணறு தூர் வாரும் கூட்டாளிகள் நாலு பேர் இருந்தார்கள். யோசிப்பதைக்கூட நாலு பேரும் சேர்ந்துதான் செய்வார்கள். தனியாக யோசித்தால் ஒருவன்தானே தப்பு செய்ய முடியும்?

அவர்களில் வெள்ளைக்கண்ணுவுக்கு இடது காது அரித்தது. பாசி பிடித்த கிணற்றில் மூன்று நாள் முங்கி எழுந்த பலன். சைக்கிள் சாவியை விட்டுக் குடைந்தான். அரிப்பு எழுந்து போக, அந்த இடத்தில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை, அவனுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை பார்க்க வருகிறார். அவனுக்கோ வயது முப்பத்துநாலு. முந்தைய இரண்டு இடங்களும் கூட்டாளிகளின் யோசனையால் தட்டிப்போனவை. இதுவும் போனால் தரகர் அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்.

நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா காது மடலை லேசாக இழுத்தார். வெள்ளைக்கண்ணு போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள்.

"வெளிக்காதுல புண்ணு. அழுக்குத் தண்ணியும் நீ குடைஞ்ச கீறலும் சேர்ந்து கிருமி புகுந்திருக்கு. இனிமே காதுக்குள்ள எதையும் விடாதே. ஈரமில்லாமக் காய வச்சுக்கோ. இந்த மருந்தை மூணு வேளை, காதுல மூணு சொட்டு விட்டு, அஞ்சு நிமிஷம் ஒருக்களிச்சுப் படு."

வாசலுக்கு வந்ததும் மூத்தவன் ஒண்டிவீரன் நின்றுவிட்டான். "என்னடா இது? காதுல எதையும் விடாதேங்கிறாங்க. மருந்தை விடுன்னும் சொல்றாங்க."

"உள்ள போயி கேட்டுட்டு வரட்டுமாண்ணே?" என்றான் வெள்ளைக்கண்ணு.

"படிச்சவங்ககிட்டப் போயி சந்தேகம் கேப்பியா? மரியாதை தெரியாத பய!" என்று செம்புலி அதட்டினான்.

டீக்கடையில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் மாயழகு டம்ளரைக் கீழே வைத்தான். "மனுசனுக்கு ரெண்டு காது எதுக்குடா? விடக் கூடாதது நோவுற காதுல. விட வேண்டியது நல்ல காதுல."

டாக்டரம்மா சொன்னதில் ஒரு சொல்லும் வீணாகவில்லை. மூன்று பேரும் மாயழகை எழுந்து நின்று பார்த்தார்கள்.

அன்று முதல் வலது காதுக்கு மருந்து. அது தடையில்லாமல் இறங்க வேண்டும் என்று செம்புலி முதலில் கோழி இறகாலும், பிறகு ஊக்காலும் வழியைச் சுத்தம் செய்தான். எதையும் விடக் கூடாது என்ற தடை இடது காதுக்குத்தானே. இடது காதைக் காய வைக்க, மொட்டை மாடியில் கூழ்வடகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்கண்ணுவைப் படுக்க வைத்தார்கள். மாயழகு காக்கா விரட்டினான்.

மூன்றாம் நாள் வலது காதும் வீங்கியது.

"மருந்து பிடிச்சிருச்சு. வலியை இந்தப் பக்கம் இழுத்திருக்கு பாரு," என்றான் ஒண்டிவீரன். "ஆனா இனிமே மருந்து விட நல்ல காது வேணுமே? என் காதுல விடுங்கடா."

டாக்டரம்மா செய்தபடியே அவன் மடலை இழுத்துப் பார்த்தார்கள். அவனும் அலறினான். செம்புலியும் அலறினான். மாயழகு, இழுக்கும் முன்பே அலறினான். நாலு பேரும் ஒரே கிணற்றில் முங்கியவர்கள். எட்டுக் காதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பெண்ணின் அப்பா சோலையப்பன் பாயில் உட்கார்ந்து காபியை ஆற்றினார். என்ன கேட்டாலும் வெள்ளைக்கண்ணு "ஆங்?" என்றான். இந்த இடமும் போய்விட்டது என்று அவன் முடிவு கட்டினான்.

"மாப்ளைக்குக் காது மந்தமோ?" என்று அவர், வெள்ளைக்கண்ணுவின் கூட்டாளிகளிடம் கேட்டார். "எனக்கு அறுபது வயசு. இன்னிக்கும் ஊசி விழுந்தாக் கேக்கும்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒண்டிவீரன் பயபக்தியோடு எழுந்து போய், அவருடைய காது மடலைப் பிடித்து இழுத்தான். அவர் அலறவில்லை.

"நல்ல காதுடா!"

காபி ஒரு பக்கம் உருண்டது, சோலையப்பன் ஒரு பக்கம் உருண்டார். செம்புலி காலைப் பிடித்தான், மாயழகு கையை. ஒண்டிவீரன் எண்ணி மூன்று சொட்டு விட்டான்.

"அஞ்சு நிமிஷம் அசையக் கூடாதுங்கய்யா."

வெள்ளைக்கண்ணுவுக்கு நம்பிக்கை துளிர்த்தது. அவர் முகத்தருகே மண்டியிட்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"மாமா, இப்ப எனக்கு வலி எப்படி இருக்கு?"