மேல் பல்லுக்குப் பயந்த மாமன்மார்

கருக்காம்பட்டியில் சடையாண்டி, வீரணன், கொம்பையா என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று கேட்காதீர்கள், இருந்தால்தானே அளப்பதற்கு. இவர்களுடைய ஒரே தங்கை பவுனுத்தாய். பிரசவத்துக்கு வந்தவள், புருஷன் வீட்டில் கூரை வேலை முடியாததால் கைக்குழந்தையோடு அண்ணன்மார் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

குழந்தைக்கு ஏழாம் மாதம் தொடங்கியது, ராத்திரித் தூக்கம் போனது. கண் அசந்த கொஞ்ச நேரத்தில் வீல் என்று அலறி எழுந்துவிடுவான். பவுனுத்தாய்க்குத் தூக்கமே இல்லை. அடிகுழாயில் தண்ணீர் அடிக்கும்போது நின்றபடியே தூங்கினாள். காப்பியில் உப்பைப் போட்டாள். அண்ணன்மார் அதையும் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்கள்.

கடைசியில் அவள் நர்சம்மாவிடம் போனாள். மூன்று பேரும் கூடவே போனார்கள்.

நர்சம்மா ஈறைத் தடவிப் பார்த்தார். "பல் முளைக்கப் போகுது. ராத்திரி முழிச்சா உடனே தூக்காதீங்க, கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருங்க, தானாத் தூங்கிரும். கடிக்க ஏதாவது குடுங்க. வாயில வைக்கிற எதையும் கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடுக்கணும்."

சடையாண்டி பவ்யமாகக் கேட்டான்: "மேல் பல்லு மொதல்ல மொளச்சா தாய்மாமனுக்கு ஆகாதும்பாகளே?"

"எது மொதல்ல வந்தாலும் ஒண்ணும் ஆகாது, போங்க."

வெளியே வந்ததும் சடையாண்டி சொன்னான்: "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுதான். அந்தம்மா என்ன நம்ம புள்ளைக்கு மாமனா?"

தம்பிகள் இருவரும் அண்ணனின் அறிவை மெச்சிக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி குழந்தை சிணுங்கியது. தூக்கக் கூடாது, பார்க்க வேண்டும். பவுனுத்தாய் கையை நீட்டுவதற்குள் மூன்று மாமன்மாரும் தொட்டிலைச் சுற்றிக் குத்தவைத்து, டார்ச்சை அடித்துப் பார்த்தார்கள். மீசையும் தாடியுமாக மூன்று முகங்கள் வெளிச்சத்தில் முறைத்தால் பெரியவனே அலறுவான். குழந்தை அலறிய அலறலில் தெரு நாய்கள் எல்லாம் பதில் குரல் கொடுத்தன.

"கடிக்க ஏதாவது குடுங்கடா!" என்று கத்தினான் சடையாண்டி.

குழந்தை எட்டிப் பிடித்தது வீரணனின் கட்டைவிரலை. கொம்பையா அதைத் தடுத்தான்.

"அண்ணே, கொதிக்க வைக்காம குடுக்கக் கூடாது."

"விரலையா?"

"எதையும்னு சொன்னாகல்ல. விரல் எதுல சேராதுங்கிற?"

வீரணன் யோசித்தான். தம்பி சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அடுப்பில் வெந்நீர் கொதித்ததும் விரலை விட்டான். அப்புறம் குழந்தையின் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

அதோடு விட்டார்களா? மேல் பல் பயம் அவர்களைப் பிடித்து ஆட்டியது. பவுனுத்தாய் கண்ணை மூடுவதற்காகக் காத்திருப்பார்கள். மூடியதும் குழந்தையின் வாயைப் பிளந்து டார்ச் அடித்து, பல் வருகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை வீறிடும். உடனே ஓடிப்போய்ப் படுத்துக் குறட்டை விடுவார்கள். தன் பிள்ளையை எழுப்புவது பல்வலி என்று நம்பி அவள் விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். எனக்கு மட்டும் அந்த வீட்டுக்குள் போக வழி இருந்திருந்தால் அந்த டார்ச்சாலேயே நாலு போட்டிருப்பேன்.

ஒரு ராத்திரி அவள் தூங்குவதுபோல் படுத்திருந்து கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"அடப் பாவிகளா! பல்லு இல்ல, நீங்கதானா என் புள்ளைய எழுப்புறது? இன்னொரு தடவ தொட்டில் பக்கம் வந்தீக, விடியக்காலப் பஸ்ஸுக்குப் போயிருவேன். கூரை இல்லாட்டிப் போகுது, அங்க நிம்மதியாத் தூங்கவாச்சும் செய்வேன்!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அண்ணன்மார் தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கை அழுதுகொண்டு போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. ஆனால் மறுநாள் சாயங்காலம் குழந்தை கொட்டாவி விட்டபோது, மேல் ஈறில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொம்பையா அண்ணன்மாரை இழுத்து வந்து காட்டினான்.

"மேல் பல்லு! செத்தோம்ணே!"

மூன்று பேரும் மாட்டுக் கொட்டகையில் கூடிப் பேசினார்கள். வீரணனுக்குத்தான் ஒரு யோசனை உதித்தது.

"அண்ணே, மேல கீழங்கிறது நாம நிக்கிறதப் பொறுத்ததுதான? நாம தலகீழா நின்னா மேல் பல்லு கீழ் பல்லாயிரும்ல?"

சடையாண்டி கண்ணீரோடு தம்பியைக் கட்டிக்கொண்டான்.

ராத்திரி மூன்று மாமன்மாரும் சுவரோரம் வரிசையாகத் தலைகீழாக நின்றார்கள். டார்ச் அடிக்கக் கை இல்லாததால் குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. பவுனுத்தாயும் தூங்கினாள், வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினாள். இந்த வீட்டில் அந்த மூன்று பேரும் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான், அதையும் தெரியாமல் செய்தார்கள்.

எழுந்தவள் சுவரோரம் பார்த்துத் திகைத்தாள். "என்னண்ணே இது கூத்து?"

"மேல் பல்லு வந்திருச்சு ஆத்தா. நேரா நின்னா செத்துருவோம்."

அவள் தூங்கும் குழந்தையின் உதட்டை மெல்ல விலக்கி, துணியால் துடைத்தாள். "பல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோத்துப் பருக்க ஒட்டியிருக்கு." பிறகு அவள் முகம் மலர்ந்தது. "அட, கீழதான் மொளச்சிருக்கு! கீழ் பல்லுதான்ணே!"

மூன்று பேர் முகங்களும் வெளிறிப்போயின.

"கீழ் பல்லா?" என்றான் சடையாண்டி. "நாம தலகீழா நிக்கையில கீழ் பல்லுன்னா... டேய், அது மேல் பல்லுடா!"

தொப் தொப் தொப் என்று மூன்று பேரும் விழுந்தார்கள். எது எழுதியிருக்கிறதோ அதுதான் நடக்கும் என்று சடையாண்டி பெருமூச்சு விட்டான். பாயை விரித்து, தெற்கே தலைவைத்து வரிசையாகப் படுத்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். கொம்பையா தனக்கு நெற்றிக்காசு இல்லையே என்று குறைப்பட்டான்.

பவுனுத்தாய் குழந்தை பக்கத்தில் போய் மறுபடி படுத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் பாக்கித் தூக்கம் நிறைய இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரிய பிணம் தலையைத் தூக்கிச் சொன்னது:

"ஆத்தா பவுனு, அண்ணன்மார் மூணு பேரும் போயிட்டோம். ஒப்பாரி வைக்காமப் படுத்துக் கெடந்தா ஊரு என்ன பேசும்? எந்திரிச்சு வையி. ஆனா மெதுவா வையி, புள்ள முழிச்சிரப் போகுது."