கால் ஆடாத சாட்சி

அல்லிக்குளத்தின் மேற்குக் கரையில் தண்ணீர் குடித்த மூன்று மான்குட்டிகள் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. மூன்றுக்கும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். அதில் ஒன்று செவலை என்ற பெண்மானின் ஒரே குட்டி.

செவலை வனசபைக்கு ஓடியது. "குளத்துத் தண்ணி கெட்டுப்போச்சு! நாத்தம் குடலைப் பிடுங்குது! யாராச்சும் வந்து பாருங்க!" என்று முறையிட்டது.

சபை உடனே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. எந்த நோய்க்கும் சபைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்! குழுவுக்குத் தலைவர் கரடியார். முள்ளம்பன்றியும் உடும்பும் உறுப்பினர்கள். குளத்துச் சுகாதார அதிகாரியான நாரையைச் சாட்சி சொல்ல வரும்படி ஆள் அனுப்பினார்கள். தினமும் தண்ணீரைச் சோதிப்பதும், கெட்டது கிடந்தால் அதை அகற்றச் சொல்லி சபைக்குத் தெரிவிப்பதும் நாரையின் வேலை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாட்சி சொல்பவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் பேச வேண்டும். பேசி முடிக்கும்வரை அந்தக் கால் தரையில் படக்கூடாது; பட்டால் சாட்சி செல்லாது. பொய் சொன்னால் நெஞ்சு பதறுமாம், நெஞ்சு பதறினால் கால் ஆடுமாம். எந்த மகானுபாவர் இதைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. பாட்டன் காலத்து வழக்கம் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை.

நாவல் மரத்தடியில் குழு கூடியது. அங்கிருந்து மேற்குக் கரை ஒரு கூப்பிடு தூரம்தான்.

முதலில் செவலை வந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பேசியது.

"ஐயா, என் குட்டி நாலு நாளா சரியா எழுந்து நிக்கல. கோரைப் புல்லுக்குள்ள என்னமோ அழுகிக் கிடக்கு. போய்ப் பார்க்கலாம்னா சேத்துல கால் புதையுது. நீங்க ஒரு எட்டு வந்து..."

அப்போது மரத்துக்குப் பின்னால் படுத்திருந்த குட்டி முனகியது. செவலை பதறிப்போய்த் திரும்பியது. தூக்கிய கால் தரையில் பட்டுவிட்டது.

"பட்டிருச்சு! பட்டிருச்சு!" என்று முள்ளம்பன்றி குதித்தது.

"குட்டி கூப்பிட்டுச்சுங்க!"

"அதுக்கு நாங்க என்னம்மா பண்றது? எல்லாருக்கும் ஒரே சட்டம்! ஓரமா போய் நில்லு!" என்று முள்ளம்பன்றி அதட்டியது.

அடுத்து நாரை வந்தது. ஒரு காலை மடக்கி வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றது. மீனுக்குக் காத்திருக்கும்போதும் சரி, தூங்கும்போதும் சரி, அது அப்படித்தான் நிற்கும். இதை அறியாதவர் காட்டில் உண்டா? கரடியாரே தினமும் பார்க்கிறவர்தான்! ஆனால் விசாரணை என்று உட்கார்ந்ததும் அது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

உடும்பு தொண்டையைச் செருமிக்கொண்டது. கேள்வியைப் பிடித்தால் பிடி விடாது என்று அதற்கு ஊரெல்லாம் பேர்.

"தண்ணிய எப்போ சோதிச்சீங்க?"

"இன்னிக்குக் காலையிலதான்."

"எப்படி இருந்துச்சு?"

"அடியில கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாங்க. அவ்வளவு தெளிவு!"

"கோரைக்குள்ள ஏதோ அழுகிக் கிடக்குதாமே?"

"அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரலைங்க."

எந்தக் கரையில் சோதித்தீர்கள் என்று உடும்பு கேட்டிருக்கலாம். கேள்வி நுனிநாக்குவரை வந்தது. அதற்குள் நாரையின் கால் கண்ணில் பட்டது. அதில் துளி ஆட்டம் இல்லை! உடும்பு பிடியை விட்டுவிட்டது.

"ஆகா! நிக்கிற அழகைப் பாருங்கய்யா!" என்று கரடியார் உருகிப்போனார். "உண்மை இல்லாம இப்படி நிக்க முடியுமா?"

"ஐயா, ஒரே ஒரு தடவை நடந்து வந்து பாருங்க!" என்று செவலை கெஞ்சியது.

"குழுன்னா உட்கார்ந்து விசாரிக்கும்மா. காடு மேடெல்லாம் அலையிறது குழுவோட வேலை இல்ல. தண்ணி நல்ல தண்ணிதான், எல்லாரும் பயமில்லாம குடிக்கலாம். இனிமே அதிகாரி மேல வீண்பழி போடாதே!" என்று கரடியார் தீர்ப்புச் சொன்னார்.

கூட்டம் சிரித்தது. செவலை கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டது.

அதன்பிறகு செவலைக்குத் தன் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதுவரை இலைகளில் தேங்கிய பனித்துளிகளை நக்கவிட்டுக் குட்டியின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அது எந்த மூலைக்குப் போதும்? குட்டிக்கு நாக்கு வறண்டது. இத்தனை பெரியவர்கள் கூடிச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, குட்டியை மெல்ல மேற்குக் கரைக்கு நடத்திக் கூட்டிப் போனது.

"குடிடா கண்ணு. நல்ல தண்ணியாம்" என்றது.

மூன்றாம் நாள் குட்டி அந்தக் கரையிலேயே செத்துப்போனது.

அந்தக் காட்டில் சாவு விழுந்தால் சபையின் பெரியவர்கள் துக்கம் கேட்க நேரில் போவது முறை. குட்டி உயிரோடு இருந்தபோது நடக்க மாட்டோம் என்ற மூவரும் இப்போது நடந்தார்கள். கரையை நெருங்கும்போதே நாற்றம் மூக்கில் அறைந்தது. உடும்பு கோரைக்குள் புகுந்து பார்த்தது. உப்பிப்போன காட்டுப்பன்றி ஒன்று பாதித் தண்ணீரில் அழுகிக் கிடந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

செவலை அவர்களைத் திட்டவில்லை. குட்டியின் பக்கத்திலேயே படுத்திருந்தது.

"நாந்தாங்க குடிக்க வச்சேன்" என்றது. "நாத்தம் தெரிஞ்சுது. நீங்கல்லாம் சொன்னீங்களேன்னு..."

கரடியாரால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நாரையை அங்கேயே வரவழைத்தார். வந்ததும் நாரை வழக்கம்போல ஒரு காலைத் தூக்கியது.

"காலைக் கீழே போடு!" என்று கரடியார் உறுமினார். "ரெண்டு காலையும் ஊன்றி, அந்தக் குட்டியைப் பார்த்துச் சொல்லு!"

நாரை காலை இறக்கியது. குட்டியைப் பார்த்தது. இரண்டு கால்களும் வெடவெடவென்று நடுங்கின.

"பன்றி கிடக்கிறதை முதல் நாளே பார்த்துட்டேங்க" என்றது. "சபை வரைக்கும் யார் போறது, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். குட்டிங்க படுத்ததும் ஏன் முன்னாடியே சொல்லலன்னு கேப்பீங்களேன்னு பயம். அதான் கிழக்குக் கரைத் தண்ணியச் சோதிச்சுட்டு வந்து சொன்னேன். பொய் சொல்லலன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

"அடப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சியே!" முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. "இவனைக் காட்டை விட்டே துரத்தணும்!"

"துரத்தத்தான் போறோம்" என்றார் கரடியார். "ஆனா குதிக்காதேப்பா. அவன் சொன்னது நம்மகிட்ட. பயமில்லாம குடிங்கன்னு இந்தத் தாய்கிட்டச் சொன்னது நான்."

முள்ளம்பன்றியின் முள்ளெல்லாம் படிந்துவிட்டது. குட்டி கூப்பிட்டது என்று செவலை சொன்னதும் தான் குதித்துக் கூவியதும் அதற்கு நினைவு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கரடியார் சேற்றில் இறங்கினார். மார்பளவு புதைந்து, அழுகிய பன்றியைத் தானே கட்டி இழுத்து, காட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார். மற்ற இரண்டு குட்டிகளையும் மலையூற்றுக்கு மாற்றினார்கள். அவை பிழைத்துக்கொண்டன. கரடியாரின் ரோமத்தில் ஏறிய நாற்றம் மட்டும் பல நாள் போகவில்லை. எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில் யாரும் காலைத் தூக்கிச் சாட்சி சொன்னதில்லை. புகார் எந்த இடத்தைப் பற்றியோ அங்கேதான் குழு கூடும். செவலை மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. வா என்று கூப்பிடவும் ஒருவருக்கும் முகம் இல்லை.

சாட்சி நிற்கும் அழகைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். புகார் எழுந்த இடத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.