மடத்துச் சுவருக்கு ஓசி வெள்ளை

நாச்சிமுத்துவின் ஊர்க் கிணறுகளில் சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கிவிட்டது. அவருடைய பேத்திக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தேர்தல் நெருங்கியதும், ஓடையில் கழிவு விடுவதை ஒழிப்போம் என்று ஆளும் கட்சியும் சொன்னது, எதிர்க்கட்சியும் சொன்னது. யாரை நம்புவதென்று ஊருக்குள் ஒரே சண்டை. "நீங்க மடத்துல தொண்டு செய்யறவருங்க, மடத்தை நடத்தற அம்மையாரைக் கேட்டுட்டு வாங்க" என்று ஊரார் அவரை விரட்டினார்கள்.

"ரெண்டு பேர்ல யாருங்கம்மா செய்வாங்க?"

அம்மையார் கொத்துக்கரண்டியை நீட்டினார். "ரோட்டோரச் சுவத்தைக் கொஞ்சம் சுரண்டு, நாச்சிமுத்து."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே போனார்.

சுவரில் ஆளும் கட்சியின் எழுத்து புத்தம் புதுசாய் இருந்தது: சாயக்கழிவை ஒழிப்போம். சுரண்டினார். சுண்ணாம்பு பொருக்காய் உதிர்ந்தது. அடியில் எதிர்க்கட்சியின் வண்ணம். முன்பு ஆட்சியைப் பிடித்த தேர்தலில் அவர்கள் எழுதிய அதே வாக்குறுதி. அதற்கும் அடியில் மறுபடி ஆளும் கட்சி, மறுபடி சாயக்கழிவு. கரண்டியோடு திரும்பி வந்தார்.

"மாத்தி மாத்தி ஏமாத்தியிருக்காங்கம்மா!"

"பழசு மேல வெள்ளையடிச்சது யாரு?"

"அவுங்கதான்."

"ஏணி யாரோடது?"

ஏணி மடத்தினுடையது. தேர்தலுக்குத் தேர்தல் சுவர் ஓசியில் பளிச்சென்று ஆகிறதே என்ற சந்தோஷத்தில், எந்தக் கட்சி வந்தாலும் ஏணியும் வாளியும் எடுத்துக் கொடுத்தவர் நாச்சிமுத்துதான். வெயிலில் களைத்தவர்களுக்கு மோர் வேறு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசலில் குரல் கேட்டது. எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேர் சுண்ணாம்பு மூட்டையோடு நின்றார்கள்.

"ஏனுங்கண்ணா, சுவரு இப்படிக் கெடக்குது? ஏணியக் கொடுங்க, சுத்தமா வெள்ளையடிச்சுக் கொடுத்துட்டு எங்களுதை எழுதிக்கிறோம்."

நாச்சிமுத்து அம்மையாரைப் பார்த்தார். "இவுங்களுக்கு என்னங்கம்மா சொல்லட்டும்? ஊருக்கு என்ன சொல்லட்டும்?"

"ஏணியைக் கொடு. சுண்ணாம்பு மட்டும் வேண்டாம்னு சொல்லு. பழைய எழுத்தை அழிக்காம அதுக்குக் கீழேயே எழுத எந்தக் கட்சி வருதோ, அந்தக் கட்சிகிட்ட ஊரே போய், 'எப்பச் செய்வீங்க'ன்னு கேக்கட்டும்."