ஸ்பீக்கருக்கு அடியில் போட்ட நாற்காலி

இதை எனக்கு முதலில் சொன்னது ரோசலி அக்கா. போன வருடம் குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம், கோயிலுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து இரண்டு பேரும் ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னார்.

அக்கா எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர். பிழைப்பு, பாட்டுப் பதிகிற கூடத்தில். பாளையங்கோட்டையில் நம்பிராஜன் அண்ணாச்சியின் கூடத்தில் கேசட்டுக்குப் பெயர் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவர், அவர் கூடவே இருந்து தொழிலைப் படித்து, இப்போது அக்காவுக்கும் தலை நரைத்துவிட்டது. அண்ணாச்சிதான் அவருக்குக் குரு. அந்தச் சொல் மட்டும் அண்ணாச்சிக்கு ஆகாது. "என்னைச் சாமியார் ஆக்கிராதட்டி, உங்க மதினி வீட்டுக்குள்ள விடமாட்டா" என்பாராம்.

அண்ணாச்சி தொழில் தொடங்கிய புதிதில் ஒரு நல்ல காரியம் செய்தார். முப்பிடாதியம்மாள் என்று நடவுக்குப் போகிற ஒரு அம்மா இருந்தார். அவர் பாட ஆரம்பித்தால் பக்கத்து வயல்காரர்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம். அவரையும் கூடப் பாடுகிற பெண்களையும் அழைத்து வந்து, நடவுப் பாட்டுகளை ஒரு கேசட்டாகப் போட்டார். இந்தப் பக்கத்தில் அது ஓடாத டீக்கடை கிடையாது. அந்த அம்மா காலமாகி ரொம்ப நாளாகிறது. குரல் மட்டும் நாடாவில் இருக்கிறது.

பழைய நாடாவை எடுத்து, இரைச்சலைக் குறைத்து, சத்தத்தைச் சீர்பண்ணி, புதிதாக வெளியே விடுவதற்கு ரீமாஸ்டர் என்று பெயராம். அண்ணாச்சி அதே பாட்டுகளை மூன்று தடவை அப்படிச் செய்தார். சிடி வந்த காலத்தில் ஒன்று. ஆட்கள் போனில் பாட்டுக் கேட்கத் தொடங்கியபோது இரண்டாவது. மூன்றாவது, எழுபது வயது தாண்டிய பிறகு.

மூன்றாவது வெளிவந்த மறு வருடம், சென்னையில் ஒரு கம்பெனி அந்தப் பாட்டுகளைப் பெரிய இசைத்தட்டாகப் போட முன்வந்தது. மூன்றில் எதைப் போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என அண்ணாச்சியிடமே விட்டுவிட்டார்கள். தட்டு வெட்டிவிட்டால் வெட்டியதுதான். அப்புறம் தொட முடியாது.

அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. மூன்றாவது என்றார். என் கையில் வந்ததிலேயே அதுதான் உருப்படி, நீயும் ஒருதடவை கேட்டுவிட்டு அனுப்பிவிடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்.

முதலாவதில் கொஞ்சம் இரைச்சல் இருந்தது. ஆனாலும் முப்பிடாதியம்மாள் வரப்பில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவதில் இரைச்சலும் இல்லை. வரப்பை விட்டு இறங்கி நம் பக்கத்தில் வந்து நின்று பாடினார். மூன்றாவதில் 'ச' வருகிற இடமெல்லாம் காய்ந்த எண்ணெயில் கடுகைப் போட்ட மாதிரி வெடித்தது. ஜால்ரா ஒலி பல்லில் போய்ப் பட்டது. அந்த அம்மா யாரையோ திட்டுகிறாரோ என்று தோன்றியது.

அக்காவுக்கு இது புதிதாகத் தெரிந்த சங்கதி இல்லை. மூன்றாவதைச் செய்யும்போதே தெரியும். காரணமும் தெரியும். அந்த வேலை தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினி அடுக்களைக்குள் கூப்பிட்டு வைத்துச் சொல்லியிருந்தார். காலிங் பெல் அடித்தால் அவருக்குக் கேட்பதில்லை. குக்கர் விசில் கேட்பதில்லை. பேத்தி பேசினால் மட்டும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், என்ன கேட்டாள் என்றால் முழிக்கிறார். தடித்த கீழ்ச்சத்தம் கேட்கிறது, கீச்சென்ற மேல்சத்தம்தான் போய்விட்டது. நீ ஒன்றும் காட்டிக்கொள்ளாதே தாயே, அந்தக் கூடம் இல்லையென்றால் அவர் மனுஷனாகவே இருக்கமாட்டார் என்று மதினி கையைப் பிடித்துக்கொண்டாராம்.

அக்காவும் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணாச்சி மேல்சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைத் திருகத் திருக அக்காவுக்குக் காது கூசும். அக்கா உள்ளுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது அதுவே தட்டாகப் போகிறது. சொன்னால் அண்ணாச்சி உடைந்துபோவார். சொல்லாவிட்டால் முப்பிடாதியம்மாள் காலத்துக்கும் அந்தக் கீச்சுக் குரலிலேயே நிற்பார், கீழே அண்ணாச்சி பெயரோடு. ஆண்டவரே, நீரே என் வாயில் ஒரு வார்த்தையைப் போடும் என்று மன்றாடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் கூடத்துக்குப் போனார்.

போய் நின்றால் அந்த வார்த்தை வரவில்லை. வேறு ஒன்றுதான் வந்தது.

"அண்ணாச்சி, ஒரே பாட்டு மூணு விதமா இருக்கு. எது நல்லதுன்னு நீங்க எதை வச்சுச் சொல்லுதீங்க?"

அண்ணாச்சி சிரித்தார்.

"இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சா? போய் உக்காரு."

அக்காவின் நாற்காலி இடதுபக்க ஸ்பீக்கருக்கு அடியில் கிடக்கும். வேறு கூடங்களில் எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்து உட்காருவார்கள். இங்கே அண்ணாச்சி மட்டும் அப்படி. அக்கா ஸ்பீக்கருக்கு அடியில், அண்ணாச்சியைப் பார்த்தபடி. இரண்டாவது ரீமாஸ்டரைத் தொடங்கிய அன்று அண்ணாச்சியே தூக்கிக்கொண்டு வந்து அங்கே போட்டது. கூடத்தில் இடம் போதாது, அதனால்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா உட்கார்ந்தார். அண்ணாச்சி முதல் ரீமாஸ்டரை ஓடவிட்டார். பாதியில் நிறுத்தி, இரண்டாவது. அதையும் நிறுத்தி, மூன்றாவது. அவர் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது ஓடி முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ரோசலி, முதல் ரெண்டுக்கும் தலை ஆடுச்சு. கால் தாளம் போட்டுச்சு. இதுக்கு மட்டும் என்னட்டி, கோயில்ல நன்மை அப்பம் வாங்கப் போற மாதிரி உக்காந்திருக்கே?"

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"போன வருஷம் இதைச் செய்யும்போதும் இதே முகந்தான வச்சிருந்தே?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைக்கிறதுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று என்னிடம் சொன்னார் அக்கா. அண்ணாச்சி அதை மறுபடி மாட்டிக்கொண்டு, ரொம்ப மோசமா இருக்கா என்று கேட்டார்.

அக்கா ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"எவ்வளவு?"

"கடுகு வெடிக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி இயந்திரத்தை அணைத்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு மேல்சத்தம் போயி ரொம்ப வருஷமாச்சு. ரெண்டாவதைச் செய்யும்போதே இல்ல."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டாவதுதான் எல்லாவற்றிலும் சுத்தம் என்று முந்தின நாள்தான் கேட்டு முடித்திருந்தார். அப்புறம் அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"குமிழை ஏத்துவேன். உன் புருவம் சுருங்கும். ஒரு நூல் இறக்குவேன். அவ்வளவுதான் என் வித்தை. அதுக்குத்தான நாற்காலியை அங்கன போட்டேன்."

அக்கா குனிந்து தன் நாற்காலியைப் பார்த்தார்.

"மூணாவதுக்கும் ஏத்தினேன். உன் முகம் அசையல. இன்னும் இடம் இருக்கு போலிருக்குன்னு இன்னும் ஏத்தினேன். கடைசிவரைக்கும் நீ சுளிக்கவே இல்ல. அதான் இதைவிட நல்லா ஒண்ணு அமையாதுன்னு நினைச்சிட்டேன்."

அப்போதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. மதினி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். உங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன் என்றார். நீங்களாவது ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்றும் கேட்டார்.

"சொன்னா நீ பாவம் பாத்து முகத்தை மாத்திக்கிடுவியோன்னு பயம்" என்றார் அண்ணாச்சி.

இதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். அக்காவும் அழுகையோடு சிரித்துவிட்டார்.

அண்ணாச்சி சென்னைக்குப் போன் போட்டு, தட்டு கொஞ்சம் தாமதமாகும் என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்து என்ன சொன்னார்களோ, சரி சரி என்று தலையாட்டினார். வைத்துவிட்டு, அவன் என்னட்டி சொன்னான் என்று அக்காவிடம் கேட்டார். போன் ஸ்பீக்கரில் கிடந்ததால் அக்காவுக்குக் கேட்டிருந்தது. உங்க இஷ்டம் சார் என்று சொன்னான் என்றார்.

முப்பிடாதியம்மாளின் பழைய நாடாவைப் பெட்டியிலிருந்து எடுத்து, இயந்திரத்தில் மாட்டினார் அண்ணாச்சி. விரலை ட்ரெபிள் குமிழ்மேல் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"இது நாலாவது. போய் அந்த முகத்தைக் கழுவிட்டு வா."

இவ்வளவுதான் அக்கா சொன்னது. ஓலை மடித்து முடித்து நாங்களும் எழுந்துவிட்டோம்.

எனக்கும் இப்போது இடது காது கொஞ்சம் மந்தம். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் என்னோடு பேசும்போது மட்டும், இந்த வலப்பக்கம் வந்து, முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்ளுங்கள்.