அடைக்கலம் பாடிய குழி

தங்கச் சுரங்கத்துக்குக் குழி தோண்டும் புது இயந்திரம் வந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ரெஜினா வந்தாள். அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் இன்னாசி. அவளைவிட இருபது வயது கூடுதல். கையால் துளை போட்டு, வெடி வைத்துக் குழி இறக்கிய காலத்து ஆள்.

இயந்திரம் தரைமேல் நிற்கும். முதலில் மெல்லிய துளை ஒன்றை அடிச்சுரங்கம்வரை இறக்கும். அங்கே பெரிய வெட்டுச் சக்கரத்தை மாட்டுவார்கள். சக்கரம் சுழன்றபடியே மேலேறும். அரைபட்ட கல் கீழே கொட்டும். குழிக்குள் மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அன்று கீழே கல் குவிவதைப் பார்த்துச் சொல்வது இன்னாசியின் வேலை. ரெஜினா மேலிருந்து ஃபோன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்துப் பார்த்தாள். பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பழைய குழியில் ஓடும் கூண்டு லிஃப்டில் இறங்கினாள்.

தடுப்புச் சங்கிலிக்கு உள்ளே, குழிக்கு நேர் கீழே, இன்னாசி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

அவள் கத்தவில்லை.

"அண்ணே, அப்படியே வெளிய வாங்க."

வந்தார். மேலே சிக்கியிருந்த கல் ஒன்று, அம்மிக்கல் பருமனில், அவர் நின்ற இடத்தில் வந்து விழுந்தது.

இருவரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அங்க எதப் பாத்தீங்க?"

"பாக்கல டீச்சர். ஏதாவது சத்தம் கேக்குதான்னு நின்னேன்."

"என்ன சத்தம்?"

"அப்பல்லாம் ஒரே பெரிய இரும்பு வாளியில நாலு பேரு இறங்குவோம். ஒருத்தன் தோள ஒருத்தன் புடிச்சுக்கிட்டு. மேலருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். கூட இறங்குற சூசை வீட்டு எலுமிச்சஞ்சோறு, நனைஞ்சாலும் அப்படி ருசிக்கும். அடைக்கலம்னு ஒருத்தன் பாடுவான். குழி முழுக்க அவன் குரல்தான். பாட்டு நின்னாத்தான் எங்களுக்குப் பயம்."

"நின்னுச்சா?"

"ஒருநாள் நின்னுச்சு."

இன்னாசி இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"எனக்குக் குழின்னா அவங்கதான் டீச்சர். நீங்க எத்தனையோ ஊர்ல குழி போட்டிருக்கீங்க. ஒண்ணுலயும் ஆளே இல்ல. அப்புறம் எத வெச்சு ஞாபகம் வெச்சுக்குவீங்க?"

ரெஜினா பாட்டிலை வாங்கி மூடினாள்.

"வேலை முடிஞ்ச சாயங்காலம் அந்த ஊரு டீக்கடைக்குப் போவேண்ணே. பழைய காலமா இருந்தா அந்தக் குழியில இறங்கியிருக்க வேண்டிய ஆளுங்க உக்காந்து கத பேசிக்கிட்டு இருப்பாங்க. அவங்க மூஞ்சிய வெச்சு."