சார்ஜ் ஏறாத டிராக்டர்

நாசரேத் போகும் சாலையில் மரியபுஷ்பம் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தாள். வயது முப்பத்தாறு. அவளிடம் வேலை கற்க வந்த தங்கப்பழத்துக்கு ஐம்பத்தொன்று. இருபத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தார். அவளை அவர் மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, சுடலைக்கண்ணுவின் டிராக்டரை இன்னொரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை. பேட்டரி படுத்துவிட்டது.

"உழவுக்கு ஆளுக வரிசையா காத்துக் கெடக்கு. பெரிய மழைக்கு முந்தி முடிக்கணும். சார்ஜ் குடுக்குற அந்த ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, சுடலைக்கண்ணு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்.

தங்கப்பழம் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் பானெட்டைத் திறந்தார். போன தடவை வண்டி வந்தபோது மரியபுஷ்பம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பார்த்தவர் அவர்தான். பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, டீக்கடையில் நாலு பேர் முன்னால், "டிரைவர் வண்டியை நிப்பாட்டிப்போட்டு நாள் பூரா பாட்டுக் கேட்டா, பேட்டரி என்னவே செய்யும்?" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே சுடலைக்கண்ணு டிரைவர் மாசானத்தை வேலையை விட்டு நிறுத்தினார். ஒன்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டியவன்.

அதற்குப் பிறகு பத்து நாளாகச் சுடலைக்கண்ணுவேதான் ஓட்டுகிறார். பாட்டுப் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். அப்படியும் பேட்டரி படுத்துவிட்டது.

"ஆல்டர்னேட்டர்தான் போச்சு, மேஸ்திரி" என்றார் தங்கப்பழம்.

"எதை வச்சுச் சொல்லுதீங்க?"

"பேட்டரி போன வருஷம் வாங்கினது. அப்ப ஆல்டர்னேட்டர்தானே?"

அவள் பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. கடையில் இருந்த நல்ல பேட்டரியை மாட்டி வண்டியைக் கிளப்பினாள். மீட்டரை அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல ஆல்டர்னேட்டர்ல வைங்க."

மீட்டர் ஒயரின் ஒரு முள்ளை அதன் முனையிலும் இன்னொன்றை அதன் உடம்பிலும் வைத்தார். "பதினாலே கால் வோல்ட்."

"பேட்டரியில?"

"பன்னிரண்டு."

"ஆல்டர்னேட்டர் கொடுக்கத்தான் செய்யுது. இறக்கி வச்ச பேட்டரி வாங்காதா?"

"வாங்கும். நம்ம சார்ஜர்ல போட்டப்ப முழுசா ஏறிச்சே."

"அப்ப?"

அவள் மீட்டரை வாங்கி, ஒரு முள்ளை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் மற்றதைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தாள்.

"இங்க என்ன காட்டணும்?"

"ரெண்டும் இரும்போட இரும்பா சேர்ந்ததுதானே. ஒண்ணும் காட்டக் கூடாது."

மீட்டர் இரண்டுக்கு மேல் காட்டியது. பேட்டரிக்குப் போக வேண்டியது வழியிலேயே நின்றுவிடுகிறது.

வண்டியை அணைத்து ஆல்டர்னேட்டரைக் கழற்றினார். அது உட்காரும் பிராக்கெட்டில் நீலப் பெயிண்ட் தடிமனாகப் பளபளத்தது. அந்த நீலத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், பேரிங் மாற்ற ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர் அவர்தான். பிராக்கெட் துருப்பிடித்துக் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல் இரண்டு கை பெயிண்ட் பூசி, காயவைத்து மாட்டினார். "பளிச்சுனு இருக்கே அண்ணாச்சி" என்று மரியபுஷ்பம்கூடச் சொன்னாள். இரும்பு இரும்பைத் தொட வேண்டிய இடத்தில் பெயிண்ட் உட்கார்ந்துகொண்டது.

"அன்னைக்கு நானும் பார்க்கல" என்றாள் அவள்.

அவர் உப்புத்தாளை எடுத்து இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். திரும்ப மாட்டி வண்டியைக் கிளப்பினார். பேட்டரியில் பதினாலு காட்டியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார்.

"மேஸ்திரி."

"ம்."

"வண்டிதான் சரியாயிட்டே. லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லிரலாமா? அதுவும் பொய் இல்லையே."

மரியபுஷ்பம் உள்ளே போய் நீலப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்தாள். "தேய்ச்ச இடம் அசிங்கமாத் தெரியுது. மறுபடியும் கழட்டிப் பூசிருங்க" என்று நீட்டினாள்.

"பூசினா சார்ஜ் ஏறாதே, மேஸ்திரி."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

தங்கப்பழம் கையைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். சுடலைக்கண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். சுடலைக்கண்ணு வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசி முடித்து, டீக்குக் காசு கொடுத்தார்.

"நான் மாசானம் சொன்னதைக் கேட்கவே இல்ல வே" என்றார். "ஏறும் வண்டியில. அவனைப் போய்ப் பார்ப்போம்."

மாசானம் பக்கத்து ஊரான பேய்க்குளத்தில் ஒரு கமிஷன் கடையில் வாழைத்தார் சுமந்துகொண்டிருந்தான். தோளெல்லாம் வாழைக் கறை. தங்கப்பழம் சொன்னதைத் தாரை இறக்காமலே கேட்டான்.

"எங்க வச்சு என்னைச் சொன்னீரு?"

"டீக்கடையில."

"அங்க வச்சே இதையும் சொல்லும். அப்புறம் வாரேன்."

மறுநாள் காலை டீக்கடை நிறைந்திருந்த நேரம் பார்த்துத் தங்கப்பழம் போய் நின்றார். பேரிங் மாற்றியதில் தொடங்கி, பெயிண்ட் பூசியது, பார்க்காமலே ஒருத்தன் மேல் பழி போட்டது எல்லாவற்றையும் சொன்னார். மாசானம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டான். டீயைக் குடித்து முடித்து, சுடலைக்கண்ணுவிடம் சாவிக்குக் கை நீட்டினான். டிராக்டர் வயல் பக்கம் போயிற்று.

அவன் போனதும் ஒருவர் சொன்னார்: "இது தெரியாமப் போச்சே. நம்ம மெக்கானிக்கு பெயிண்டராம்லா!" கடையே சிரித்தது.

தங்கப்பழம் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மரியபுஷ்பம் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊரு பூரா பேச்சாப் போச்சு, மேஸ்திரி. இனி என்னை நம்பி எவன் வண்டியைக் கொண்டு வருவான்?"

அவள் தலை நிமிரவில்லை.

"மாசானம்" என்றாள்.