நெற்றிக்காசு

பழங்காசு சேர்ப்பதில் பண்ணையார் திருமேனிநாதரை மிஞ்ச அந்தச் சீமையில் ஆளில்லை. மீன் பொறித்த பாண்டியன் காசு ஒன்றுதான் அவர் பெட்டியில் குறை. அதைத் தேடி, அடைமழையிலும் விடாமல், ஊருக்கு மேற்கேயுள்ள மண்மேட்டைத் தோண்டக் கூலியாள் இருளாண்டியை அனுப்பினார். மேடு சரிந்து இருளாண்டி செத்துப்போனான். உடலை எடுத்தபோது அவன் கைக்குள் அந்தக் காசு இருந்தது.

அவன் பெண்டாட்டி சடைச்சி அதைக் கழுவி அவன் நெற்றியில் வைத்தாள்.

சேதி கேட்டுப் பண்ணையார் வந்தார். "அது என் காசு. எடுத்துக் கொடு."

சடைச்சி அழுகையை விழுங்கிக்கொண்டு கைகூப்பினாள். "உங்க காசுதான் சாமி. ஆனா நெத்திக்காசு குழி வெட்டுறவருக்குத்தான். மத்தவங்க தொட்டா சாவு வீடு தேடி வரும்."

"அப்போ வெட்டியான் வெட்டி எடுத்துக் கொடுக்கட்டும்."

"எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு சாமி" என்று மண்வெட்டியைக் கீழே வைத்தான் வெட்டியான். கூடியிருந்த எல்லோருக்குமே அன்றைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பண்ணையார் காசைப் பார்த்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுகாட்டில் இறங்கினார். முழங்கால் ஆழத்திலேயே உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

"இன்னும் ஆழமா, சாமி" என்றாள் சடைச்சி. "மேட்டுல அவரு ஆளுயரம் தோண்டினாரு."

பொழுது சாயும்போது பண்ணையார் தள்ளாடியபடி காசோடு போனார்.

"பண்ணையாரையே வெட்டியானாக்கிட்டியே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"பாத்துச் சிரிக்க அவரு இல்லையே" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள் சடைச்சி.